மத்தியானத்தில் கலையும் படுக்கை

ஓட்டல் கட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று விரிப்பு வேண்டும். ஒன்று கட்டிலில் கிடக்கும், ஒன்று என் சலவைக்கூடத்தில் இருக்கும், மூன்றாவது அலமாரியில் சும்மா இருக்கும். சும்மா இருப்பதும் அதற்கு ஒரு வேலைதான். துவைத்து உலர்ந்த துணியைச் சூட்டோடு சூடாக மறுபடி விரித்துக்கொண்டே இருந்தால் நூல் இளைத்துச் சீக்கிரம் கிழிந்துவிடும்.

"துணிக்குக்கூட லீவு உண்டு, எனக்குத்தான் இல்ல" என்பார் எங்கள் பெட்டிக்காரர். எந்நேரமும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதால் அந்தப் பெயர். விரிப்பைத் தேய்க்கும் உருளை இயந்திரம் வந்து பல வருஷம் ஆகியும், தலையணை உறையின் ஓரம் பெட்டிக்குத்தான் படியும் என்று பிடிவாதமாக நிற்கிற மனிதர்.

சுற்றுலாக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், விரிப்பைப் பிரித்துப் பார்த்தே படுத்திருந்த ஆளைச் சொல்லிவிடுவேன். வெளிநாட்டுக்காரர்கள் வெயிலுக்குப் பூசுகிற களிம்பு துணியில் மஞ்சளாக இறங்கியிருக்கும். மஞ்சளைப் பார்த்த பதற்றத்தில் வெளுப்பு மருந்தை ஊற்றினால் தீர்ந்தது. அது துருச் சிவப்பாக மாறி ஜென்மத்துக்கும் போகாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா போட்டு எண்ணெயைப் பிரிக்க வேண்டும், வெளுப்பெல்லாம் அப்புறம். ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீர் முதலில், சூடு பிறகு. ஒருக்களித்துப் படுப்பவர் இடுப்புப் பக்கம் விசிறி மாதிரி மடிப்பு விட்டுப்போவார். தூக்கம் வராதவர் கால்மாட்டுத் துணியை உருவி எடுத்திருப்பார்.

ஒரு கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றால் அது ஓட்டலுக்கு மட்டும் வருகிற வரும்படி இல்லை. ஓட்டல் வாசற்படியையே மிதிக்காத முட்டைக்காரருக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், வேன் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் அதில் பங்கு போகும். முட்டைக்காரர் மகளுக்குப் பாட்டு வாத்தியார் வைப்பார், பாட்டு வாத்தியார் என்னிடம் சட்டை துவைக்கப் போடுவார். ஊருக்கே ஒரு குழாய் போட்ட மாதிரி. ஆனால் அதன் திருகு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் பார்த்தே இராத ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்தது. அது திறந்திருந்த வரை ஓட்டல்கள் தண்ணீரை உறிஞ்சித் தெருக்குழாய்கள் காய்ந்தன, வாடகை ஏறியது. சீசனில் நாங்களே எங்கள் உள்ளறையை வருகிறவர்களுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். முணுமுணுத்தோம், சம்பாதித்தோம்.

அப்புறம் கப்பல்கள் பெரிதாகின. பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும், எங்கள் துறைமுகத்தில் அது இல்லை. ஆழமான வேறொரு துறைமுகத்துக்குப் பாதையை மாற்றினார்கள். திருகு மூடிக்கொண்டது.

சலவைத் தொழிலில் பாதிக் கடை என்று ஒன்று நடத்த முடியாது. பாய்லரைப் பற்றவைத்து நீராவி வரும் வரைக்கும் ஆகிற எரிபொருள், அரை டிரம் துணிக்கும் ஒன்றுதான், முழு டிரமுக்கும் ஒன்றுதான். வேலை பாதியானால் செலவு பாதியாகாது. நடத்த வேண்டும், இல்லை இழுத்து மூட வேண்டும்.

நான் மூடவில்லை. மற்ற ஓட்டல்கள் எல்லாம் பூட்டிய பிறகும், மேட்டில் இருந்த பழைய ஓட்டல் மட்டும் தினமும் சாயங்காலம் அழுக்குத் துணி மூட்டைகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த மூட்டைகள் என்னிடம் பிடித்துவைத்திருந்தது பாய்லர் நெருப்பை மட்டுமல்ல. என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து விருந்தாளிகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். வேன் நின்ற பிறகு, கப்பல் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கப்பலில் இறங்கிவிட்டால் வருஷக்கணக்கில் கடல்தான். போன இடத்தில் வேறு குடும்பம் ஆனவர்களும் உண்டு, என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களும் உண்டு.

"கப்பல் இந்தப் பக்கம் ஆள கொண்டாந்து இறக்கிச்சு. இப்ப இங்கேருந்து ஏத்திக்கிட்டுப் போகுது. எப்படியோ கணக்கு நேராயிடுது" என்று சிரித்தார் அவர்.

"சலவை ஓடுற வரைக்கும் நீங்க எங்கயும் போக வேணாம்" என்றேன். "மேட்டு ஓட்டல் துணி இருக்குல்ல."

அந்தத் துணியில் ஏதோ சரியில்லை என்பது எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. விசிறி மடிப்பு இருந்தது, தலை அழுந்திய குழி இருந்தது, கால்மாட்டில் உருவியதும் இருந்தது. ஆனால் மஞ்சள் இல்லை. ஒரு முடி இல்லை. வியர்வை வாடையே இல்லை. மனிதர் படுத்த விரிப்பை முகர்ந்தால் ஏதாவது ஒரு வாடை வராமல் இருக்காது. இது வெறும் ஈரம். உடம்பு கிடந்த இடத்தில் மட்டும் ஈரம், தொட்டால் விரல் நுனி விறைக்கிற குளிர். மூட்டைக்குள் வெயிலில் வந்த துணி எப்படிக் குளிரும்?

"சோப்பே செலவாக மாட்டேங்குதே முதலாளியம்மா" என்றார் பெட்டிக்காரர். "தேய்க்கிறப்ப ஆவி வருது பாருங்க, எம்மேல படாம விலகிப் போகுது. நமக்குப் பயந்த ஆவி போல."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே."

சாவியக்கா ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். மேட்டு ஓட்டலில் அறைகளை மேற்பார்க்கிறவள் அவள், இடுப்பில் சாவிக்கொத்து. வேலை போய்விடக் கூடாதென்று அவளே படுக்கைகளைக் கலைத்துத் தண்ணீர் தெளித்து அனுப்புகிறாள், பாவம், நம்மையும் சேர்த்துக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குள் ஒரு சமாதானம். ஒருநாள் மத்தியானம் நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மேடேறினேன்.

"நானா? எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு, மடிச்சத நானே கலைக்க?" என்றாள் சாவியக்கா. "முதலாளி வெளிநாட்டுல இருக்காரு. மூடினா உரிமம் போயிடும், தொறந்தே வைன்னு சொல்லியிருக்காரு. படுக்கை கலைஞ்சா மாத்து, கலையாட்டி விடுன்னாரு. கலையுது, மாத்துறேன்."

"ஆளே இல்லாம எப்படிக்கா கலையும்?"

அவள் ஓர் அறையைத் திறந்தாள். இரண்டு பேருமாக விரிப்பை உதறிப் போட்டோம். நான்கு மூலையையும் உறை மாதிரி மடித்துச் செருகி, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் நீவினாள். சுருக்கம் மருந்துக்கும் இல்லை. கதவுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வெளியே தோட்டக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் தலையணை. நடுவில் மெல்லப் பள்ளமானது, பிசைந்த மாவில் யாரோ முழங்கையை ஊன்றுகிற மாதிரி. பிறகு தோள் இருக்க வேண்டிய இடம். பிறகு இடுப்பு, அங்கிருந்து விசிறி மடிப்பு ஒவ்வொன்றாகக் கிளம்பி ஓரம் வரை வந்தது. இத்தனை வருஷமும் ஆள் எழுந்துபோன பிறகே நான் பார்த்த மடிப்பு, என் கண்ணெதிரே உண்டானது. சத்தமே இல்லை. துணி மட்டும், ஒரு மூச்சின் அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வலது பக்கமா ஒருக்களிச்சு..." என்றேன்.

"தொப்பித் தாத்தா" என்றாள் சாவியக்கா. "வருஷா வருஷம் வருவாரே, இதே ரூம்தான் கேப்பாரு."

"செத்துட்டாரா?"

"அடிப் போடி. கல்லு மாதிரி இருக்காரு. போன வாரம்கூட போன் பண்ணினாரு. இப்பல்லாம் படுத்தவுடனே தூக்கம் வருது, உங்க ஓட்டல்ல தூங்குற மாதிரியே இருக்குன்னாரு." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "நமக்கு மத்தியானம்னா அவங்க ஊர்ல ராத்திரி. அங்க படுக்குறாங்க, இங்க கலையுது."

"ஏன்க்கா இங்க வரணும்?"

"நாமதானே வரச் சொன்னோம்."

அவள் சொன்னதும் எனக்குப் புரிந்தது. கப்பல்கள் வந்த காலத்தில் சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எங்கள் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். புது விருந்தாளி ஒருவரை வரவழைக்க விளம்பரம், தரகு என்று எவ்வளவோ செலவு, ஒருமுறை வந்தவர் மறுபடி வந்தால் செலவே கிடையாது, அதனால் வழியனுப்புவதில்தான் சூட்சுமம் என்றார். உங்கள் பேச்சில் வழியனுப்புகிற வார்த்தை என்ன என்று கேட்டார். "போயிட்டு வாங்க" என்றோம். அதற்கு அர்த்தம் சொன்னதும் மேசையைத் தட்டிக் குதித்தார். போவதற்குள்ளேயே வருவதும் இருக்கிறதே!

எங்களுக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லிப் படியிறங்க மாட்டோம், அது வாயில் வராது. சொல்லும்போது எதையும் நினைத்துச் சொல்வதும் இல்லை. ஆனால் அவர் நினைத்துச் சொல்ல வைத்தார். கப்பல் கிளம்பும்போதெல்லாம் துறைமுகப் பாலத்தில் வரிசையாக நின்று, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, கண்ணைப் பார்த்து, மனதார: "போயிட்டு வாங்க." அவர்களும் திக்கித் திணறி "போய்ட்டூ வர்ரேன்" என்பார்கள். ஊரே சிரிக்கும். எத்தனை கப்பல், எத்தனை ஆயிரம் பேர்!

உடம்பு வர வழியில்லை, பாதையை மாற்றிவிட்டார்கள். வாக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நான் இதுக்கு முடிவு கட்டலாம்னு பாக்கறேன்" என்றாள் சாவியக்கா. "பாலத்துல நின்னு சொன்னத அங்கயே திருப்பிச் சொல்லணும். போங்கன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, வேணாம். அவங்க பாட்டுக்குத் தூங்கட்டுமே. ஒரு வாய் தண்ணி கேக்கறாங்களா? துணி வரலேன்னா நான் பாய்லர அணைக்கணும். அணைச்சா அவரு கப்பல் ஏறிடுவாரு."

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "சரி. ஆனா ஒண்ணு. ரூமெல்லாம் நெறஞ்சு போச்சு. இனி வர்றவங்க எங்க படுப்பாங்கன்னு நெனச்சியா?"

நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். சீசனில் எங்கள் உள்ளறையில் தங்கியவர்களுக்கும் அதே பாலத்தில் நின்று நான்தானே வழியனுப்பினேன்? அந்த அறையில், அந்தக் கட்டிலில்தான் இப்போது எங்கள் மகள் படுக்கிறாள். பள்ளிக்கூடம் போக இன்னும் வயசாகாத வாண்டு. மத்தியானம் சோறு உண்டதும் அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும்.

ஒருநாள் எட்டிப் பார்த்தபோது அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பலகை மாதிரி ஒடுங்கிப் படுத்திருந்தாள். மீதிக் கட்டில் முழுவதும் பள்ளம்.

எழுந்தபின் கேட்டேன். "ஏன்டி செல்லம், இடமிருக்க ஓரமா படுத்திருக்கே?"

"ஆன்ட்டிக்கு இடம் விட்டேன்மா. நேத்து ஒரு ஆன்ட்டி. இன்னைக்கு ரெண்டு பேரு. வந்தவங்களுக்கு இடம் விடணும்னு நீதானே சொல்லியிருக்கே?"

அன்றிலிருந்து அவளைக் கூடத்தில் படுக்கவைத்தேன். ஆனால் அவள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உள்ளறைக்கே போய்விடுவாள். கதவைச் சாத்தினால் கதவடியில் படுப்பாள், அங்கேயும் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு. நாளுக்கு நாள் அவளை எழுப்புவது கஷ்டமாயிற்று. கன்னம் ஈரமாக, அந்தத் துணிகளின் அதே குளிரோடு இருக்கும். உலுக்க உலுக்க, வெகு தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி மெல்லக் கண் திறப்பாள்.

"எங்கடி போயிருந்தே?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ஆன்ட்டி வீட்டுக்கு. அவங்க இங்க வந்துட்டா அவங்க கட்டில் காலியா இருக்கும்ல? அங்க ஜன்னல்ல வெள்ளையா கொட்டுதும்மா. கையில எடுத்தா தண்ணியாயிடுது."

பிறகு, என்னைப் பார்த்தபடியே, என்னை யாரென்று தெரியாதவள் போல, உதட்டை வளைத்துத் திக்கித் திணறிச் சொன்னாள்: "போய்ட்டூ வர்ரேன்."

அந்த உச்சரிப்பு என் பிள்ளையுடையது இல்லை.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் ஓடாத வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். உடனே துணியைக் கீழே போட்டார்.

"பாலத்துல போய்ச் சொல்லிடு" என்றார். "நான் ஏஜென்ட்டப் பாத்து சரின்னுடறேன்."

"ஏங்க..."

"என்ன ஏங்க? நான் போனா திரும்பி வரலாம். இவ போனா யாரு போய்க் கூட்டியாருவா?"

மறுநாள் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். உச்சி வெயிலில் பாலத்தில் நின்றோம். சாவியக்கா, நான், பெட்டிக்காரர், முட்டைக்காரர், பாட்டு வாத்தியார், அந்தக் காலத்தில் வரிசையில் நின்றவர்களில் கூப்பிட்டதும் வந்தவர்கள். கப்பலைக் கட்டுகிற இரும்புக் குற்றிகள் துருவேறி நின்றன. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசைவற்றுக் கிடந்தது.

"போங்கன்னு சொன்னா நம்ம பொழப்பும் கூடவே கை கோத்துக்கிட்டுப் போயிடும், தெரியும்ல?" என்றார் பெட்டிக்காரர். அன்று அவர் சிரிக்கவில்லை.

"தெரியும்ணே."

"வீடு தேடி வந்தவங்கள யாராச்சும் போன்னு சொல்லுவாங்களா? எனக்கு நாக்கு எழலியே."

யாருக்கும்தான் எழவில்லை. பாட்டு வாத்தியார் "போயி..." என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் "...ட்டு" என்று இழுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் மகளின் குளிர்ந்த கன்னத்தை நினைத்துக்கொண்டேன். கடலைப் பார்த்துச் சொன்னேன்.

"போங்க."

என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது. சாவியக்கா சொன்னாள். பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பிறகு எல்லோரும். "போங்க. வராதீங்க. போங்க."

காற்று இல்லை. ஆனாலும் பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குளிர்ச்சி கிளம்பி, எங்கள் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் பட்டு, விலகிப் போயிற்று. கையைப் பிடித்து விடைபெறுகிற மாதிரி. ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், நெடுநேரம். பாட்டு வாத்தியார் அழுதார். முறைத்துக்கொண்டு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அவ்வளவு மரியாதையாகப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வாண்டு கட்டிலின் நட்டநடுவில் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு வியர்வையில் தூங்கிக்கொண்டிருந்தது. விரிப்பை முகர்ந்தேன். புளித்த பால் வாடை. இப்படி ஓர் அழுக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் மூட்டை வரவில்லை. பாய்லரை அணைத்தேன். சூடேறிய இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று சுருங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

வீட்டுக்காரருக்குக் கப்பலின் சலவை அறையிலேயே வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் களிம்புக் கறைக்கு எது முதலில், எது பிறகு என்று அவரைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் சொன்னேன். "சோடா, வெதுவெதுப்பு, அப்புறம்தான் வெளுப்பு. போதுமா டீச்சரம்மா?" என்றார். பஸ் வந்தது. மகளை முத்தமிட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"போயிட்டு வர்றேன்."

அந்த வார்த்தை என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். எதைக் கொண்டுவரும், எதைக் கொண்டுவராது என்பதும் தெரியும். அவர் படியில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்தபடி காத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். கண்ணைப் பார்த்தேன். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மனதார, ஒவ்வோர் எழுத்தையும் நினைத்துச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க."

கப்பல் இப்போது உலகத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் சொன்னார். எங்களுக்கு மத்தியானம் என்றால் அவருக்கு ராத்திரி. சோறு போட்டுவிட்டு, வாண்டைப் பெட்டிக்காரர் வீட்டுக்கு விளையாட அனுப்பிவிடுகிறேன். அவள் இடம் விடுகிற பிள்ளை, அவளை அருகில் வைத்துக்கொள்ள மாட்டேன். கட்டிலில் வெள்ளை விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையும் செருகி நீவுகிறேன். தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

முதலில் தலையணை. பிறகு தோள். அவர் மல்லாந்துதான் படுப்பார், இடது கையை மடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு. அந்த முழங்கை அழுந்துகிற சின்னக் குழி வரும் வரை நான் மூச்சு விடுவதில்லை.

பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடமிருக்கிறது. அவர் எப்போதும் விடுகிற இடம். படுத்தால் அங்கே, ஆடுகிற அறையில், அவருடைய காலிப் படுக்கையில் நான் கண் விழிப்பேனோ என்னவோ. இதுவரை படுக்கவில்லை. வாண்டு திரும்பி வந்து வாசலில் கூப்பிடுகிற வரை விளிம்பில் கையை மட்டும் வைத்திருக்கிறேன். விரல் நுனி விறைத்துவிடும்.

மூன்று விரிப்பும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அலமாரியில் ஒன்றுக்கு இரண்டாக ஓய்ந்து கிடக்கின்றன. கட்டிலில் இருப்பதை நான் மாற்றவில்லை. மத்தியானத்துக்கு மத்தியானம் அதையே உதறிப் போடுகிறேன். நூல் இளைத்துக்கொண்டு வருகிறது, தெரிகிறது. துவைக்க மனசு வரவில்லை.